வீடு என்னும் பட்டறை

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதா, பொது அலுவலகம் ஒன்றில் ஒரு மேசையை வாடகைக்கு எடுப்பதா என்று கணக்குப் போட்டபோது மதுரைச் சுங்குடிதான் நினைவுக்கு வந்தது.

சௌராஷ்டிரப் பெண்கள் தலைமுறைகளாக வீட்டிலேயே துணியில் முடிச்சுப் போட்டார்கள். சாயம் ஏறியது பட்டறையில். பட்டறை தொழிற்கூடம் ஆனது. வீடு வீடாகவே இருந்தது. முடிச்சுக்குத்தான் கூலி. அவள் உட்கார்ந்த இடத்துக்கும் எரித்த விளக்குக்கும் யாரும் வாடகை தரவில்லை. அடுப்புக்கும் பிள்ளைக்கும் நடுவே நடந்ததால் அது ‘ஓய்வுநேர வேலை’ ஆயிற்று.

2005இல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டிலிருந்து உழைப்போருக்காக 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய உடன்படிக்கையில் இந்தியா இன்னும் இணையவில்லை.

நான் மேசையை எடுத்தேன். வாடகை ரசீதைப் பார்த்த பிறகே என் வீட்டார் அதை வேலை என்றார்கள். வாடகை கட்ட முடியாதவளின் வீடும் பட்டறைதான்.