நாகைப் பெரும்பள்ளி

நாம் குடியிருக்கும் ஊர் போவன்பள்ளி. தெலுங்கில் பள்ளி என்பது சிற்றூரைக் குறிக்கும். பழந்தமிழிலோ அச்சொல் சமண, பௌத்தத் துறவியர் உறையும் மடத்தையும் குறித்தது. அத்தகைய பள்ளிகளுள் தலைசிறந்த ஒன்று சோழநாட்டு நாகப்பட்டினத்தில் இருந்தது. அதன் வரலாறு, பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம் அறிய வேண்டிய வரலாறாகும்.

கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டை ஆண்ட சைலேந்திர குலத்து மன்னன் சூளாமணிவர்மன், முதலாம் இராசராசன் காலத்தில் நாகையில் ஒரு புத்த விகாரம் எடுக்கத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். தஞ்சையில் சிவபெருமானுக்குப் பெருங்கோயில் எடுத்த இராசராசனே, வேற்று நாட்டார் வழிபடும் இவ்விகாரத்துக்குத் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். நிலம் ஏறத்தாழ 97 வேலி. அதன் வருவாய் 8,943 கலத்துக்கும் மேற்பட்ட நெல். அக்கொடையை அவன் மகன் இராசேந்திரன் செப்பேட்டில் பொறிப்பித்தான். 21 ஏடுகள் கொண்ட அச்செப்பேடு பிற்காலத்தில் ஆலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையால், பெரிய லெய்டன் செப்பேடு எனப் பெயர் பெற்றது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அவ்விராசேந்திரனே 1025-இல் கப்பற்படை செலுத்திக் கடாரத்தை வென்றான். அரசர் இருவர்க்கும் பகை மூண்டது. ஆயினும் நாகையிலிருந்த விகாரம் அழியவில்லை. 1090-இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்தரசன் தூதர் இருவர் வேண்டியவாறு, அதன் நிலங்களுக்கு வரிநீக்கம் அளித்தான். அவன் செப்பேடு இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என இரண்டைக் குறிக்கின்றது. வந்தேறிய வணிகரின் வழிபாட்டிடத்துக்குத் தம் பெயரையே சூட்டினர் சோழர். விருந்தினரைப் போற்றும் பண்புக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சோழர் மறைந்தனர், துறவியரும் மறைந்தனர். நகரின் வடபால் ஒரு கோபுரம் மட்டும் எஞ்சி நின்றது. மக்கள் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றும், ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றும் வழங்கினர். கரையோரம் செல்லும் கலங்களுக்கு அது அடையாளமாயிற்று. 1846-இல் அதனைக் கண்ட சர் வால்டர் எலியட், அது நாற்சதுரமான மூன்று நிலைக் கட்டடம் என்றும், செங்கற்கள் சாந்தின்றியே நெருங்கப் பொருத்தப்பட்டிருந்தன என்றும், நிலைகளுக்கிடையே கொடுங்கைகள் அமைந்திருந்தன என்றும் எழுதியுள்ளார்.

1861-இல் நாகைக்கும் தஞ்சைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்போதும் கோபுரம் நின்றது. ஆனால் அதற்கு முன்னரே, 1859-இல், அவ்விடத்தைப் பெற்றிருந்த சேசு சபைத் துறவியர் அதனை இடிக்க அரசாங்கத்திடம் இசைவு கேட்டிருந்தனர். அரசாங்கம் மறுத்தது. 1867-இல் மீண்டும் கேட்டனர், இசைவு கிடைத்தது, கோபுரம் இடிக்கப்பட்டது.

அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு இச்செய்தி நெஞ்சை உறுத்துகின்றது. எட்டு நூற்றாண்டுக் கடற்காற்றும் புயலும் செய்ய இயலாததை ஒரு கையொப்பம் செய்தது. கேட்டவரையும் கொடுத்தவரையும் மட்டும் குறைகூறிப் பயனில்லை. கட்டியவரின் வழியினர் அங்கு இல்லை. இருந்தவரோ அதனைத் தமதென்று எண்ணவில்லை. இங்கிலாந்தில் 1539-இல் மூடப்பட்ட ஃபவுண்டன்ஸ் மடம், கூரையின்றி நின்றும், இடிபாடாகவே பேணப்பட்டுப் பலரும் கண்டு போற்றும் இடமாய் விளங்குகின்றது. உரிமை பாராட்டுவோர் இருப்பின் இடிபாடும் வாழும்.

கோபுரம் போயிற்றெனினும், 1856 முதல் நாகை மண்ணிலிருந்து 350 அளவில் பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுட் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் தம் மக்களை அங்கு அழைத்துச் சென்று காட்டுவாராக. காட்டும்போது, இவை நம் நாட்டில் வாழ வந்தவர்கள் வணங்கியவை என்றும், நம் முன்னோர் அவர்களுக்கு ஊர் கொடுத்தனர் என்றும் கூறுவாராக. தெலுங்கு நாட்டின் அன்பு நிழலில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும்.