கொசஸ்தலையாறும் ஆற்றை மதிப்பிடும் அளவுகோல்களும்: பூண்டி முதல் எண்ணூர் வரை

ஓர் ஆறு பாதுகாக்கத்தக்கது என்பதை எந்த அளவுகோலால் தீர்மானிப்பது என்னும் வினா, தமிழகச் சூழலியல் வரலாற்றில் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. திருவள்ளூர் மாவட்டத்தில் பாய்ந்து எண்ணூரில் கடலோடு கலக்கும் கொசஸ்தலையாறு அதற்கு ஏற்ற களமாகும். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளில் இவ்வாறு பலமுறை மதிப்பிடப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் அதன் ஒரு கூறு மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டது என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதல் மதிப்பீடு நகரின் தாகத்தைச் சார்ந்தது. சென்னைக்கென முறையான குடிநீர்த் திட்டம் 1872-இல் நடைமுறைக்கு வந்தபோது, தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்பட்ட ஆற்றுநீர் சோழவரம் ஏரி வழியாகச் செங்குன்றம் ஏரியைச் சென்றடைந்தது. 1944-இல் ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் நிறைவுற்றது. அதற்கு முன்னாள் மேயர் சத்தியமூர்த்தியின் பெயர் சூட்டப்பட்டது. 1996-இல் கிருஷ்ணா நீரும் இங்கு வந்து சேர்ந்தது. இத்திட்டங்கள் அனைத்திலும் ஆறு என்பது தேக்கி வைக்கக்கூடிய கன அடிகளின் தொகை; கடலைச் சென்றடையும் நீர் வீணாகும் நீர்.

இரண்டாம் மதிப்பீடும் அதே காலத்தில்தான் தொடங்கியது. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அங்கு நடத்திய அகழாய்வுகள், அச்சூலியன் கைக்கோடரிகளின் காலத்தை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கொண்டு சென்றன (2011). இடைப் பழைய கற்காலத்தின் தொடக்கம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முந்தையது என்பதும் 2018-இல் வெளியிடப்பட்டது. கருவிகளுக்குப் பூண்டியில் அருங்காட்சியகம் உண்டு. ஆனால் அவற்றை வண்டலால் மூடிக் காத்த நீரோட்டத்துக்கு அத்தகைய தகுதி எதுவும் வழங்கப்படவில்லை. தொல்லியலும் நீர்ப்பொறியியலும் ஒரே படுகையில் அருகருகே பணியாற்றியும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்பது வியப்புக்குரியது.

ஆற்றை ஆறாகவே மதிப்பிடும் முறைக்கு எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் 1968-இல் இயற்றப்பட்ட இயல்பு மற்றும் எழில் ஆறுகள் சட்டம். அதன்படி ஆறு தடையின்றி ஓட வேண்டும். காட்சி, நிலவியல், மீன்வளம், வரலாறு, பண்பாடு போன்றவற்றுள் ஒன்றிலேனும் தனிச்சிறப்பு பெற்றிருக்கவும் வேண்டும். முழு ஆறும் தேர்வு பெற வேண்டியதில்லை. பகுதி பகுதியாகவே ஆராயப்படும். முன்பே கட்டப்பட்ட சிறு தடுப்பணைகள் இருப்பதால் மட்டுமே ஓர் ஆறு பரிசீலனையிலிருந்து நீங்கிவிடாது. இந்த அளவுகோலைக் கொசஸ்தலையாற்றின் மீது வைத்தால் பூண்டி நீர்த்தேக்கப் பகுதி தோல்வியுறும். ஆனால் நிலவியல், வரலாறு ஆகிய சிறப்புகளால் அத்திரம்பாக்கம் சூழ்ந்த பகுதியும், மீன்வளத்தாலும் அலையாத்தியாலும் எண்ணூர்க் கழிமுகமும் குறைந்தது விவாதத்துக்கேனும் உரியவை. மக்கள் நெருக்கமற்ற நிலப்பரப்புகளை மனத்தில் கொண்டு எழுந்த சட்டத்தை அப்படியே இங்குப் பொருத்த இயலாது என்பதும் உண்மை. பகுதி பகுதியாக நோக்கும் அதன் முறையே நமக்குப் பயன்படுவது.

இந்தியச் சட்டத்தில் இதற்கு நேரான வகை இல்லை. 1970களின் இறுதியில் அறிவிக்கப்பட்ட தேசிய சம்பல் சரணாலயம் ஆற்றையே காப்பிடமாக்கியது; ஆயினும் அதன் அடிப்படை முதலைகளே. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் ஆற்றுத் தடங்களையும், உப்பு உற்பத்திக்கென அமைக்கப்பட்டவற்றையும் ஈரநிலம் என்னும் வரையறையிலிருந்தே விலக்கின. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடு முழுவதும் 351 மாசுற்ற ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. அதாவது, கெட்டுப்போன ஆற்றைக் கணக்கிட நம்மிடம் முறை உண்டு. கெடாத ஆற்றைக் கணக்கிட இல்லை. அண்டையிலுள்ள ஆரணியாறு சென்றடையும் பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம். ஆனால் அதற்கு நீர் தரும் ஆற்றுக்கு அந்தத் தகுதி கிடையாது. கும்மிடிப்பூண்டித் தொழில் வளாகம் அமைந்துள்ள வட்டாரமும் இதுவே.

எஞ்சியிருப்பது கடலோர ஒழுங்குமுறை. 1991-ஆம் ஆண்டு அறிவிக்கையின்கீழ் 1996-இல் ஒப்புதல் பெற்ற தமிழகக் கடலோர மேலாண்மைத் திட்டத்தில் எண்ணூர்க் கழிமுகம் முதல் வகைப் பாதுகாப்புப் பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி கிடைத்த 1997-ஆம் ஆண்டு வரைபடம் ஒன்றில் கழிமுகமே காணப்படவில்லை என மீனவர்களும் ஆர்வலர்களும் 2017-இல் குற்றஞ்சாட்டினர். அனல்மின் நிலையச் சாம்பலால் கழிமுகம் சீர்கெட்டது குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் தீர்ப்பு வழங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் இதே கழிமுகத்தில் பரவியது. ஆவணத்தில் நீர் என்று குறிக்கப்பட்டிருந்தால்தான் நீரைப் பற்றி வழக்காட முடியும். வரைபடம் குறித்த தகராறு வெறும் அலுவலகத் தகராறு அன்று.

இப்படுகையின் மதிப்பீட்டு மரபுகளில் ஆய்வாளர் பெரிதும் பயன்படுத்தாத ஒன்று பழவேற்காட்டு மீனவரின் பாடு முறை. நீர்ப்பரப்பு பெயரிட்ட பாடுகளாகப் பகுக்கப்பட்டு, யார் எங்கே எந்நாளில் வலையிடுவது என்பது முறைவைத்தும் சீட்டுக் குலுக்கியும் தீர்மானிக்கப்படுகிறது. சாதி உரிமையைச் சார்ந்த இம்முறை எல்லார்க்கும் சமமானதன்று. உரிமையற்றோர் இதனால் விலக்கப்பட்டுள்ளனர். ஆயினும் எந்த இடத்தில் ஆழம், எங்கே இறால் சேரும், முகத்துவாரம் அடைபட்டால் எந்தப் பாடு முதலில் கெடும் என்னும் அறிவு, பகுதி பகுதியாக இம்முறைக்குள் தொகுக்கப்பட்டிருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தின் ஆற்றுக் குப்பங்களிலும் இத்தகைய இடப்பெயர்களைத் தொகுத்து, 1996 வரைபடத்தோடு ஒப்பிடும் பணி இனிச் செய்யப்பட வேண்டியது.