வீடு கோயிலான கதை

ஹாங்சோ நகரில் ஊ மலையின் அடிவாரத்தை ஒட்டி ஹஃபாங் என்றொரு பழைய கடைத்தெரு இருக்கிறது. பட்டும் தேயிலையும் நாட்டுமருந்தும் விற்கும் தெரு. 1874இல் ஹூ ஷுவேயான் என்ற பெருவணிகர் தொடங்கிய மருந்துக்கடை அங்கே இன்றும் நடக்கிறது. அந்த நெரிசலை விட்டுப் பக்கத்துச் சந்து ஒன்றில் திரும்பினால் சிறிய வீடு ஒன்று வரும். மிங் அரசில் போர்த்துறை அமைச்சராக இருந்த யூ சியென் பிறந்து வளர்ந்த வீடு. இப்போது அவருடைய நினைவகம். ஹூ ஷுவேயானின் மாளிகையும் இதே ஊரில்தான் இருக்கிறது. அதன் மரவேலைப்பாடுகளில் கண் மயங்கிவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஒரு முற்றம், ஒரு கூடம், ஒரு பழைய கிணறு. பார்ப்பதற்கு அவ்வளவுதான். தெரிந்துகொள்வதற்கோ, ஓர் அரசு தன் கையாலேயே கொன்றவரைத் தானே வணங்க நேர்ந்த கதை இந்த வீட்டுக்குள் இருக்கிறது.

யூ சியென் பிறந்தது 1398இல். தாத்தா அரசுப் பணி பார்த்த குடும்பம். வென் தியென்ஷியாங்கின் படம் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. மங்கோலியருக்குப் பணிய மறுத்ததால் 1283இல் பெய்ஜிங்கில் தலை வெட்டப்பட்ட சோங் அரசின் அமைச்சர் அவர். சிறுவன் யூ சியென் அந்தப் படத்தைத் தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தானாம். பின்னாளில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தியைப் படிக்கையில் நெஞ்சு கனக்கும்.

1421இல் அரசின் உயர்தேர்வில் தேறினார். ஹனான், ஷான்ஷி மாநிலங்களின் பொறுப்பில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் இருந்தார். வெள்ளமும் பஞ்சமும் மாறிமாறி வரும் நிலம் அது. அரசுக் களஞ்சியத்தைத் திறந்து குடியானவர்களுக்குத் தானியம் கொடுத்தார். மஞ்சள் ஆற்றுக்குக் கரை போட்டார். அந்த நாளில் தலைநகரில் ஆட்டிப்படைத்தவர் அரண்மனை அண்ணகரான வாங் ஜென். மாநிலத்திலிருந்து போகிற எந்த அதிகாரியும் அவருக்குக் காணிக்கை இல்லாமல் போகமாட்டார். யூ சியென் வெறுங்கையோடு போனார். உள்ளூர்ச் சரக்கு ஏதாவது எடுத்துப்போகலாமே என்று கேட்டவர்களிடம், என் இரண்டு சட்டைக் கைகளிலும் காற்று இருக்கிறது, அதைக் கொண்டுபோகிறேன் என்றாராம். நேர்மையான அதிகாரியைச் சீனத்தில் இன்றும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். வாங் ஜென் அவரைச் சிறையில் தள்ளி மரண தண்டனையும் விதிக்க வைத்தார். விடுதலையான பிறகு, ஹனான், ஷான்ஷி மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு முறையிட்டதால் அவர் பழைய பொறுப்புக்குத் திரும்பினார்.

1449இல் நாடே கவிழும் நிலை வந்தது. வாங் ஜென்னின் பேச்சைக் கேட்டு இளம் பேரரசர் ஜூ சிஜென், ஒய்ராட் மங்கோலியர்மீது தானே படை நடத்திப் போனார். 5 லட்சம் பேர் என்று சொல்லப்படும் பெரும்படை. செப்டம்பர் 1 அன்று தூமு என்ற இடத்தில் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்த நிலையில் அது அழிந்தது. பேரரசரே எதிரித் தலைவன் எசெனிடம் சிறைப்பட்டார். தலைநகரில் மிஞ்சியவை மெலிந்த படைகள்தான். ஷூ யோஜென் என்ற அதிகாரி, நட்சத்திரங்களைப் பார்த்தேன், தலைநகரைத் தெற்கே மாற்றுவதுதான் வழி என்றார். மாற்றச் சொல்கிறவனின் தலையை வெட்டவேண்டும் என்று யூ சியென் சபையிலேயே முழங்கினார். பெய்ஜிங்கை விட்டால் நாடு போயிற்று என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஷூ யோஜென் அந்த அவமானத்தை மறக்கவில்லை.

யூ சியென் போர்த்துறை அமைச்சரானார். அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தானிய ஏற்பாடு. நகருக்குக் கிழக்கே தோங்சோவில் பெருங்களஞ்சியம் இருந்தது. எதிரி கையில் சிக்காமல் எரித்துவிடலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். படைவீரர்களின் முன்கூலியைத் தானியமாக அறிவித்து, அவரவரே போய்ச் சுமந்துவரலாம் என்று ஆணையிட்டார் யூ சியென். களஞ்சியம் நகருக்குள் வந்துவிட்டது, வீரனுக்கும் வயிறு நிறைந்தது. அதைவிடக் கடினமான இன்னொரு முடிவையும் அவர் எடுத்தார். பேரரசர் எசெனின் பிடியில் இருக்கும்வரை எசென் கேட்டதையெல்லாம் கொடுத்தாக வேண்டும். அரசனைவிட நாடு பெரிது என்று சொல்லி, அவருடைய தம்பி ஜூ சியூவை அரியணையில் ஏற்றுவதற்கு முன்னின்றார். எசெனின் கையிலிருந்த பணயத்துக்கு அதன்பின் மதிப்பில்லை.

அக்டோபர் இறுதியில் எசென் பெய்ஜிங் வாசலுக்கு வந்தான். 2,20,000 வீரர்களை ஒன்பது நகர வாயில்களுக்கும் வெளியே அணிவகுத்து நிறுத்தி, கதவுகளை அவர்களுக்குப் பின்னால் சாத்தச் சொன்னார் யூ சியென். எதிரி முதலில் தாக்கக்கூடிய தஷெங் வாயிலில், கவசம் அணிந்து, தானே நின்றார். அவர் வாள் பிடித்துப் பழகியவர் அல்லர், எழுத்து படித்தவர். ஐந்து நாள் சண்டைக்குப் பிறகு எசென் பின்வாங்கினான். மறு ஆண்டே, பயனற்றுப்போன கைதியைத் திருப்பி அனுப்பியும் விட்டான்.

நாட்டைக் காப்பாற்றிய அதே முடிவுதான் யூ சியெனின் உயிரைக் குடித்தது. திரும்பி வந்த அண்ணனைத் தம்பி தென் அரண்மனையில் ஏழாண்டுகள் அடைத்து வைத்தார். 1457 பிப்ரவரியில், தம்பி நோயில் கிடந்தபோது, ஷூ யோஜென்னும் தளபதி ஷி ஹெங்கும் அண்ணகர் சாவ் ஜிஷியாங்கும் ஓர் இரவில் வாயிலை உடைத்து அண்ணனை மறுபடி அரியணையில் அமர்த்தினார்கள். விடிந்ததும் யூ சியென் கைதானார். வேறொரு இளவரசனை அரசனாக்க எண்ணினார் என்பது குற்றச்சாட்டு. செய்தார் என்று அல்ல, எண்ணினார் என்று! யூ சியெனுக்கு நாட்டின் நன்றிக்கடன் இருக்கிறதே என்று பேரரசரே தயங்கினாராம். அவரைக் கொல்லாவிட்டால் நாம் செய்ததற்கு நியாயமே இல்லாமல் போகும் என்று ஷூ யோஜென் முடித்துவிட்டார்.

தலை வெட்டிய பிறகு பெய்ஜிங் வீட்டைப் பறிமுதல் செய்யப் போனவர்கள், அங்கே சொத்து என்று எதையும் காணவில்லை. நடு அறை மட்டும் கனமான பூட்டுப் போட்டிருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே இருந்தவை பேரரசர் பரிசாகக் கொடுத்த அங்கியும் வாளும். ஒருநாளும் பயன்படுத்தாமல் முத்திரையிட்டு வைத்திருந்தார்.

இந்த நினைவகத்தின் பிறப்பை எல்லோரும் 1466ஆம் ஆண்டின் அரசாணையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். துவோஎர் என்ற படை அதிகாரியைப் பற்றி மிங் வரலாறு ஓரிரு வரிகள் பேசுகிறது. யூ சியெனைக் கொன்ற கூட்டத்தைச் சேர்ந்த சாவ் ஜிஷியாங்கின் கீழ் வேலை பார்த்தவன் அவன். யூ சியென் வெட்டுண்ட இடத்துக்குப் போய் நிலத்தில் மது வார்த்து, வாய்விட்டு அழுதான். சாவ் ஜிஷியாங் அவனைச் சாட்டையால் அடித்தார். மறுநாளும் துவோஎர் போனான், மது வார்த்தான். இறந்தவருக்குச் செய்யும் அந்த மரியாதையை யாரும் அனுமதிக்கவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. யூ சியெனுக்கு எழுந்த முதல் கோயில் அந்த ஈர மண்தான் என்பேன். சென் குய் என்ற இன்னொரு அதிகாரி உடலை எடுத்து அடக்கம் செய்தார். பிறகு அது ஹாங்சோவுக்குக் கொண்டுபோகப்பட்டு, மேற்கு ஏரிக்கு அருகே சான்தாய் மலையில் புதைக்கப்பட்டது.

பழி சுமத்தியவர்கள் நெடுநாள் தழைக்கவில்லை. யூ சியெனின் இடத்துக்கு வந்த சென் ரூயான் ஓராண்டுக்குள் பிடிபட்டபோது, அவர் குவித்திருந்த லஞ்சப் பொருள்களைப் பேரரசர் சபையில் பரப்பிக் காட்டச் சொன்னார். இத்தனை ஆண்டு பதவியில் இருந்த யூ சியெனிடம் ஒன்றுமில்லை, இவனிடம் ஏன் இவ்வளவு என்று கேட்டார். ஷி ஹெங் தலை நிமிரவில்லை. ஷூ யோஜென் நாடுகடத்தப்பட்டார். ஷி ஹெங் சிறையில் செத்தார். சாவ் ஜிஷியாங் 1461இல் கலகத்தில் சிக்கி மரண தண்டனை பெற்றார்.

1464இல் ஜூ சிஜென்னின் மகன் ஜூ ஜியென்ஷென் அரியணை ஏறினார். யூ சியென்மீது வருத்தப்பட அவருக்குக் காரணம் உண்டு. சித்தப்பாவின் ஆட்சியில், 1452இல், அவருடைய பட்டத்து இளவரசர் உரிமை பறிக்கப்பட்டது; யூ சியென் அதை எதிர்க்கவில்லை. ஆயினும் நாடுகடத்தப்பட்டிருந்த யூ சியெனின் மகன் யூ மியென் விடுதலை பெற்று வந்து தந்தைக்காக முறையிட்டபோது, புதிய பேரரசர் காது கொடுத்தார். 1466இல் பதவிப் பெயர்கள் திரும்பக் கிடைத்தன. யூ சியெனின் விசுவாசத்துக்காக மனம் இரங்குகிறேன் என்ற பொருளில் ஆணை பேசியது. தன் தந்தையின் ஆட்சியில் விதித்த தண்டனை அநீதியானது என்று ஒரு மகன் நாடறியச் சொல்வது அந்த அவையில் சிறிய காரியம் அல்ல. ஹாங்சோ வீடு அந்த இரக்கத்தின் பெயராலேயே நினைவுக்கோயில் ஆயிற்று. முன்பு வேறு பெயர் கொண்டிருந்த சந்துக்கும் கோயிலின் பெயரே ஒட்டிக்கொண்டது.

அரசு அங்கே நிற்கவில்லை. 1489இல் இறப்புக்குப் பிந்திய சிறப்புப் பெயர் ஒன்றைக் கொடுத்துக் கல்லறைக்கும் கோயில் கட்டியது. ஒரு நூற்றாண்டு கழித்து அந்தப் பெயரையும் போதாது என்று மாற்றி உயர்த்தியது. மக்களோ தங்கள் வழியில் போனார்கள். தேர்வு எழுதப் போகும் மாணவர்கள் கல்லறைக் கோயிலில் படுத்து உறங்கி, கனவில் யூ சியென் குறி சொல்லுவார் என்று காத்திருந்தார்கள். ஹனானிலும் ஷான்ஷியிலும் அவருக்கு வழிபாடு நடந்தது. தானியம் வாங்கிய கைகள் அவை.

கல்லறை 1960களில் கலாச்சாரப் புரட்சியின்போது சிதைக்கப்பட்டுப் பின்னர் மறுபடி எழுப்பப்பட்டது. சந்து வீடும் பழுதுபார்க்கப்பட்டு நினைவகமாகத் திறக்கப்பட்டது. பெய்ஜிங்கில் அவர் வாழ்ந்த வீடும் கோயிலானதுதான். உயரமான கட்டடங்களுக்கு நடுவே தனித்து நிற்கிறது. ஹாங்சோ போகிறவர்கள் பெரும்பாலும் ஏரியைப் பார்த்துவிட்டு, யூ ஃபெய் என்ற சோங் தளபதியின் பெரிய கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் இருந்தால் முதலில் இந்தச் சந்துக்கு வந்து, பிறகு சான்தாய் மலைக்குப் போகவேண்டும். பிறந்த இடத்தைப் பார்த்த பிறகு அந்தக் கல்லறையின் முன் நிற்பது வேறு விதமாக இருக்கும்.