திர்யாக் முதல் எதிர்ப்பொருள் நூலகம் வரை

அரபு மருத்துவ நூல்களைப் புரட்டியோர் ‘திர்யாக்’ என்னும் சொல்லைக் காணாதிருக்க இயலாது. நஞ்சு முறிக்கும் மருந்துக்கு அப்பெயர். கிரேக்கத்திலிருந்து அரபிக்கு வந்த சொல். விரியன் பாம்பின் இறைச்சியே அதன் சரக்குகளுள் ஒன்று என்பது வியப்புக்குரியது. ஸ்பெயின் நாட்டுப் பேரறிஞர் இப்னு ருஷ்து அதனைப் பற்றித் தனிநூலே யாத்துள்ளார். இத்துறையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஷானாக் என்னும் இந்திய அறிஞரின் பெயரால் வழங்கிய நஞ்சு நூலை மன்க்கா என்னும் இந்திய மருத்துவர் பாரசீகத்தில் பெயர்த்தார் என்றும், பின்னர் கலீஃபா மஃமூனுக்காக அது அரபியாக்கப்பட்டது என்றும் இப்னு அபீ உஸைபிஆ எழுதி வைத்துள்ளார்.

விழுப்புரம் மாவட்டத்தில் வாழ்வோர்க்கு இது பழங்கதை அன்று. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல்லறுக்கும் போதும், மல்லாட்டை பிடுங்கும் போதும், இரவில் தரையில் பாய் விரித்துப் படுக்கும் போதும் பாம்பின் அச்சம் உடனிருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என 2020இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது.

என் இளமையில், எங்கள் தெருவுக்குப் பால் கொணர்ந்த ஒருவரை உறக்கத்தில் கட்டுவிரியன் தீண்டியது. வலியில்லை, வீக்கமில்லை, ஆகவே வேர் கட்டுவதிலும் ஓதி ஊதுவதிலும் இரவு கழிந்தது. விடியும் போது இமைகள் சரிந்துவிட்டன. லுஹருக்கு முன் மூச்சு நின்றது. ஓதிப் பார்த்ததை நான் குறை கூறவில்லை. ஓதிக்கொண்டே வண்டியில் ஏற்றியிருக்கலாமே என்றுதான் இன்றளவும் நினைக்கிறேன்.

மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்திருக்கக் கூடியது குதிரையின் கொடை. 1890இல் பேரிங், கிட்டசாட்டோ ஆகிய இருவரும், நஞ்சைத் தாங்கிப் பழகிய விலங்கின் இரத்தநீர் பிற விலங்கையும் காக்கும் எனக் காட்டினர். 1894இல் கால்மெத் முதலிய பிரெஞ்சு அறிஞர்கள் அதனைப் பாம்பின் நஞ்சுக்குப் பொருத்தினர். சிறிது சிறிதாக நஞ்சேற்றப்பட்ட குதிரையின் உடல், அந்நஞ்சைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. இரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்துக் குப்பியில் அடைக்கின்றனர். எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து இது. எனினும் குறையுண்டு. குப்பியிலுள்ள எதிர்ப்பொருளில் ஒரு பகுதியே பாம்பு நஞ்சுக்கு உரியது. எஞ்சியவை குதிரை தன் வாழ்நாளில் கண்ட பிற கிருமிகளுக்கு உரியவை. அன்னியப் புரதமாதலால் சிலருக்கு அரிப்பும் மூச்சுத் திணறலும் அதிர்ச்சியும் நேர்வதுண்டு.

குதிரைக்கு ஏற்றும் நஞ்சு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நம் பக்கத்து மக்கள் வரலாற்றில் நுழைகின்றனர். செங்கற்பட்டு, விழுப்புரம் வட்டாரங்களில் வாழும் இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் தடம் அறிந்தவர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத் தோல் வணிகம் முடங்க, அவர்களின் பிழைப்பும் முடங்கிற்று. ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, பாம்பை மீண்டும் காட்டில் விடுகின்றனர். இந்தியாவில் செய்யப்படும் முறிமருந்தின் பெரும்பகுதி இந்நஞ்சையே நம்பி வந்துள்ளது. இவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பட்டம் தாமதமாகவேனும் உரிய வாசலுக்கு வந்தது.

இனிக் குதிரையே வேண்டாத வழியைக் காண்போம். 1985இல் ஜார்ஜ் ஸ்மித், பாக்டீரியாவைத் தாக்கும் நுண்ணிய வைரஸின் மேனியில் வேண்டிய புரதத்தை ஒட்டி வைக்கும் முறையைக் கண்டார். 1990இல் கிரெகரி வின்டர் குழுவினர் எதிர்ப்பொருளின் துண்டுகளை அவ்வாறே ஒட்டினர். வைரஸின் வெளியே எதிர்ப்பொருள். உள்ளே அதனைச் செய்யும் மரபுக் குறிப்பு. மனித எதிர்ப்பொருள்களைக் கோடிக்கணக்கில் இங்ஙனம் திரட்டி வைப்பதே ‘எதிர்ப்பொருள் நூலகம்’. குதுப்கானாவில் நாம் ஏடு தேடுகிறோம். இங்கோ நஞ்சையே உள்ளே அனுப்பினால், தனக்குரிய ஏட்டை அது தானே பற்றிக்கொள்ளும். ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, ஒட்டியதைப் பெருக்கிக்கொள்ளலாம். மூட்டுவாத மருந்தாகிய அடலிமுமாப் இவ்வழியில் தோன்றி 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2018இல் இவ்விருவரும் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

பாம்பு நஞ்சுக்கும் இக்கதவு திறந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையமும், ஈஸ்டின் மேனியில் அமைத்த மனித எதிர்ப்பொருள் நூலகத்தில் தேடி ‘95 மேட் 5’ என்பதைக் கண்டெடுத்து, 2024 பிப்ரவரியில் வெளியிட்டன. நாக இனம், கட்டுவிரியன், ஆப்பிரிக்க மாம்பா ஆகியவற்றின் நரம்பு நஞ்சொன்றை அது பிடித்து நிறுத்துகிறது. நஞ்சேற்றி 20 நிமிடம் கழித்துத் தந்தும் எலிகள் பிழைத்தன.

ஆயினும் வாசகர்கள் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். அது நஞ்சின் ஒரு வகையை மட்டுமே தடுக்கும். இரத்தம் உறையும் இயல்பையே கெடுத்துச் சிறுநீரகத்தையும் பாழாக்கும் கண்ணாடி விரியனின் நஞ்சுக்கு அது மருந்தன்று. அதற்கு வேறு எதிர்ப்பொருள்களைத் தேடிச் சேர்த்தாக வேண்டும். அவ்விரியன்தான் நம் வயல் வரப்புகளில் சருகோடு சருகாய்க் கிடப்பது. இன்றிரவு அது தீண்டினால், திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலோ ஏற்றப்படுவது குதிரையின் இரத்தநீரில் பிறந்த அதே மருந்துதான்.