சிப்பாயின் எடையும் இத்தாலிக் கணக்கும்

மரக்காணம் உப்பளப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒருவருக்கு 40 வயதில் 80 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். ராணுவத்தில் எடை அளவுக்கு மேல் கூடினால் மருத்துவத் தகுதி இறங்கும், பதவி உயர்வும் தடைப்படலாம். எடையைக் குறைத்தே ஆக வேண்டும். அவர் எவ்வளவு சாப்பிடலாம்? அதற்கு அவர் உடல் எவ்வளவு செலவழிக்கிறது என்று தெரிய வேண்டும்.

சும்மா படுத்திருந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு விட, உடல் சூட்டைக் காக்க சக்தி செலவாகிறது. இதுதான் அடிப்படை வளர்சிதை மாற்றம். 12 மணி நேரம் சாப்பிடாதவரைக் காலையில் அசையாமல் படுக்க வைத்து, அவர் மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளப்பார்கள். 1 லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 4.8 கிலோ கலோரி.

எல்லோரையும் இப்படி அளக்க முடியாதே! அதனால் சூத்திரங்கள் பிறந்தன. அமெரிக்காவில் ஹாரிஸ், பெனடிக்ட் இருவரும் 1919-ல் ஒன்றை வெளியிட்டார்கள். அதே பெனடிக்ட், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியின் எலினார் மேசனுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களைப் பற்றி 1931-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்கக் கணக்கை விட அவர்கள் அளவு சுமார் 17 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆனாலும் பாடம் முழுதாக ஏறவில்லை. 1985-ல் உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் ஸ்கோஃபீல்டின் சூத்திரத்தை ஏற்றன. அதற்கு அடிப்படை 7000-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகள். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இத்தாலியர்கள், அதிலும் பலர் ராணுவ இளைஞர்கள்! அவர்களுடைய அளவு மற்றவர்களை விடக் கூடுதல். 2005-ல் ஜெயா ஹென்றி இத்தாலிய அளவுகளை நீக்கிவிட்டு 'ஆக்ஸ்போர்டு' சூத்திரங்களை உருவாக்கினார்.

இப்போது நம் சிப்பாய்க்கு வருவோம். பழைய சூத்திரப்படி அவர் உடல் ஓய்வில் சுமார் 1800 கிலோ கலோரி செலவழிக்கும். உண்மையில் 10 சதவீதம் குறைவு என்றால் தினம் 180 கிலோ கலோரி கணக்கில் இடிக்கும். 1 கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 என்று பார்த்தால், மாதம் 700 கிராம் எடை எதிர்பார்த்தபடி குறையாது. சொன்னபடி சாப்பிட்டும் ஓடியும் எடை இறங்காதவருக்குக் கிடைக்கும் பெயர் 'சோம்பேறி'.

இது இன வித்தியாசம் என்று மட்டும் முடித்துவிடவும் முடியாது. ஒரே ஊரில், ஒரே எடையில் இருக்கும் இருவருக்கும் தசை அளவு மாறினால் செலவும் மாறும். எடை குறையக் குறைய அதுவும் குறையும். அதனால் சிப்பாயைக் குறை சொல்வதற்கு முன் அவரையே ஒருமுறை அளந்து பார்ப்பதும், சில மாதம் கழித்து மறுபடி அளப்பதும்தான் நியாயம்.