பேரு எழுதக்கூடாத புதையல்

2000 மே மாசம் அமெரிக்காவில் ஒருத்தர் காட்டுல ஒரு வாளியை ஒளிச்சு வச்சு, ஜிபிஎஸ் எண்களை இணையத்துல போட்டார். கண்டுபிடிச்சவங்க உள்ளே இருக்கிற நோட்டுல பேரு எழுதணும். ஜியோகேச்சிங் பிறந்தது இப்படித்தான்.

நம்ம மதுரைக்கு இதெல்லாம் பழசுங்க! மாங்குளம் மலையில சமண முனிவர்களோட கற்படுக்கை பக்கத்துல நெடுஞ்செழியன் பேரு 2,000 வருஷத்துக்கு மேலா இருக்கு. 1882-ல ராபர்ட் சீவல் அந்த எழுத்தைப் பார்த்தார். நெடுஞ்செழியன் பேரை ஐராவதம் மகாதேவன் வாசிச்சது 1960-களில்தான்.

2010-ல யானைமலையைச் சிற்ப நகரமாக்கத் திட்டம் வந்தப்ப ஊர்க்காரங்க எதிர்த்தாங்க. அந்தச் சூட்டுலதான் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் 'பசுமை நடை'யைத் தொடங்கினார். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு மலை. கல்வெட்டை விளக்கிச் சொல்ல தொல்லியல் அறிஞர் சொ.சாந்தலிங்கம்.

2022-ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச அரிட்டாபட்டியையே 2024-ல டங்ஸ்டன் ஏலத்துல சேர்த்தாங்க. சனங்க தெருவுக்கு வந்த பிறகு, 2025 ஜனவரியில ஏலம் ரத்தாச்சு.

வாளி தொலைஞ்சா வேற வைக்கலாம். மலை போனா வெறும் எண்கள்தான் மிஞ்சும். நீங்களும் ஒருநாள் போய்ப் பாருங்க மக்களே. ஆனா பாறையில பேரு மட்டும் எழுதிடாதீங்க. அங்கே ஏற்கெனவே ஆள் எழுதியாச்சு!