உருவமும் உடலும்: படங்கொண்டு பூச்சிகளை இனங்கண்ட வரலாறு

ஒரு பூச்சியின் பெயரை அறிதற்கு அதன் உடல் வேண்டுமா, உருவப்படம் போதுமா என்னும் வினா இன்று புதிதாகத் தோன்றியதன்று. கைத்தொலைபேசியே ஒளிப்படக்கருவியாகிவிட்ட இக்காலத்தில், வீட்டுத் தோட்டத்திற் கண்ட வண்டினையும் தும்பியையும் படம்பிடித்து, இவை யாவையென வினவுவோர் தொகை பெருகியுள்ளது. அவர்தம் படங்கள் அறிவுக்குச் சான்றாகுமா என்பதை ஆராயப் புகுவோர், முந்நூறாண்டு வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும்.

இலண்டன் மாநகரில் மருந்து வணிகம் செய்தவரும் இயற்கைப் பொருள்களைத் திரட்டியவருமாகிய ஜேம்ஸ் பெற்றிவர் என்பார், 1702ஆம் ஆண்டில் ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் படத்தை வெளியிட்டார். அதன் சிறகுகளிற் கரும்புள்ளிகளும் நீலப் பிறைகளும் காணப்பட்டன. 1763இல் லின்னேயஸ் அதனைத் தனியோர் இனமெனக் கொண்டு பெயருஞ் சூட்டினார். 1793இல் பப்ரிசியஸ் என்னும் அறிஞர் அப்பூச்சியின் உடலையே எடுத்துச் சோதித்தபோது, அப்புள்ளிகள் எவராலோ தீட்டப்பட்டவை என்பதும், பூச்சி ஐரோப்பாவில் எங்கும் காணப்படும் பழைய இனமே என்பதும் வெளிப்பட்டன. படம் அவ்வஞ்சனையைக் காட்டிக்கொடுக்கவில்லை, உடலே காட்டிக்கொடுத்தது.

இதுகொண்டு படம் பயனற்றதென முடிவுசெய்தல் தவறாகும். அதற்கு எமது நாட்டு வரலாறே சான்று பகரும். இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றிப் பிரெடெரிக் மூர் இயற்றிய பெருநூல், 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. அதன் நிறப்படங்களுக்கு மூலமான ஓவியங்களைத் தீட்டியோர், பேராதனைப் பூந்தோட்டத்தின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் என்பாரின் வழிகாட்டலிற் பணிபுரிந்த வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ் என்னும் உடன்பிறந்தார் ஆவர். வளர்ந்த பூச்சியை மட்டுமன்றி, மயிர்க்கொட்டியையும் கூட்டுப்புழுவையும் அவர்கள் தீட்டினர். பாடஞ்செய்து வைத்த மயிர்க்கொட்டி தன் நிறத்தை விரைவில் இழந்துவிடும். ஆகவே, உயிருள்ளபோது அது எவ்வாறு தோன்றிற்று என்பதைப் பிற்காலத்தார்க்குச் சொல்லவல்லது படமேயாம். உடல் சொல்லாததைப் படமும், படம் சொல்லாததை உடலும் சொல்லும் என்க.

ஓவியனின் தூரிகை இருந்த இடத்தை ஒளிப்படக்கருவி பெற்ற பின்னரும் இவ்வுண்மை மாறவில்லை. மலேசியாவின் சிலாங்கூர்க் காட்டில் குவெக் ஹொக் பிங் என்பார் ஒரு பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் படம்பிடித்து, அதனைப் பறக்கவிட்டார். இணையத்தில் அவர் இட்ட அப்படத்தை 2011இற் கலிபோர்னியாவிலிருந்த பூச்சியியலறிஞர் ஷோன் வின்ரர்ரன் தற்செயலாகக் கண்டார். இறக்கையின் அடியிலிருந்த கரிய வலைக்கோலம் அவர் அறிந்த எவ்வினத்துக்கும் பொருந்தவில்லை. எனினும் படத்தை மட்டும் நம்பி அவர் பெயரிட்டாரல்லர். குவெக் மீண்டும் அவ்விடஞ் சென்று ஒரு பூச்சியைப் பிடித்து, இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திலுள்ள ஸ்ரீபன் புறூக்ஸ் என்பாருக்கு அனுப்பினார். பல்லாண்டுகளுக்கு முன் சபாவிற் பிடிக்கப்பட்ட அதே இனத்துப் பூச்சியொன்று, பெயரின்றி அவ்வரும்பொருளகத்திலேயே கிடந்தமையும் அப்பொழுது தெரியவந்தது. 2012இல் மூவரும் சேர்ந்து அப்புதிய இனத்தை வெளியிட்டனர். அறிஞர் இருவருடன் படம்பிடித்த ஆர்வலரும் ஆசிரியராக இடம்பெற்றமை ஈண்டு நோக்கற்பாலது.

2015இல் இதற்கு மாறானதொன்று நிகழ்ந்தது. தச்சுத்தேனீயின் தோற்றத்தை ஒத்த தென்னாபிரிக்க ஈயொன்றுக்கு, பேணப்பட்ட உடல் எதுவுமின்றி, ஒளிப்படங்களை மட்டும் ஆதாரமாகக்கொண்டு மார்ஷல், எவென்ஹுயிஸ் என்னும் இருவர் பெயரிட்டனர். உடலின்றேற் பின்வருவோர் மீளச் சோதிப்பது எங்ஙனம் என 2016இல் ஏறத்தாழ ஐந்நூறு அறிஞர் கையொப்பமிட்டு மறுத்தனர். அருகிவரும் உயிரைக் கொல்லாது பெயரிடவும் வழி வேண்டுமென்பது மற்றோர் சாராரின் வாதம். 2017இல் விலங்குப் பெயரீட்டுக்கான அனைத்துலக ஆணைக்குழு, உடலின்றிப் பெயரிடுவோர் அதற்குரிய காரணத்தை விளக்கவேண்டுமென்பது போன்ற பரிந்துரைகளை வெளியிட்டது.

எனினும், புதிய இனத்துக்குப் பெயரிடுதல் வேறு. அறிந்த இனத்தை அடையாளங்காணுதல் வேறு. ஆர்வலர்க்குரியது பெரும்பாலும் பின்னையதே. வண்ணத்துப்பூச்சிகள், தும்பிகள் பலவற்றை நல்ல படங்கொண்டே அறியலாம். அந்துப்பூச்சிகளிலும் ஈக்களிலும் பல இனங்களை, இனப்பெருக்க உறுப்புக்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தாலன்றிப் பிரித்தறிதல் அரிது. அத்தகையவிடத்துக் குடும்பப் பெயரோடு நின்றுவிடுதல் அறியாமையன்று. அறிவின் எல்லையை உணர்ந்த ஒழுக்கமாகும். துணிந்து இடப்பட்ட ஒரு பிழைப்பெயர், இல்லாத உயிரை இல்லாத இடத்தில் வாழ்வதாகக் காட்டிப் பின்வரும் ஆய்வாளரை மயக்கும்.

ஆதலின், இயற்கையை நோக்கும் மாணவர் பூச்சியின் மேற்புறம், கீழ்ப்புறம், பக்கம், முகம் என்பவற்றைத் தனித்தனியே படம்பிடித்தலும், நாள், இடம், அமர்ந்திருந்த செடி என்பவற்றைக் குறித்துவைத்தலும் இன்றியமையாதன. இவ்வாறு பேணப்பட்ட படத்துக்கு இன்று பெயர் கிட்டாவிடினும், நாளை அதனை அறியவல்லாரொருவர் கண்ணிற் படுமாயின் அது சான்றாகும்.